பத்தாவதுக்கு அப்பறம் இருக்குற ஒன்பது கிலோமீட்டர்: உசிலம்பட்டி பக்கம் மூணு புள்ளைகளோட கதை

உசிலம்பட்டியில இருந்து எழுமலை போற பக்கம், மெயின் ரோட்ட விட்டு உள்ள தள்ளி ஒரு ஊரு. பேரு போடல. போட்டா இதுல வர்ற மூணு புள்ளைகளையும் ஒரே நாள்ல கண்டுபிடிச்சுருவாங்க, அதுல ஒருத்திக்கு அது நிஜமாவே ஆபத்து. 2021 டிசம்பர்ல, கொரோனாவுல விட்டுப்போன பாடத்த ஊருக்குள்ளயே சொல்லிக் குடுக்குற இல்லம் தேடிக் கல்வி திட்டத்துல தன்னார்வலரா அந்த ஊருக்கு சாயங்காலம் சாயங்காலம் போக ஆரம்பிச்சேன், இப்ப நாலு வருசம் ஓடிப்போச்சு, திட்டத்துக்கான வேலை முடிஞ்ச பிறகும் போயிக்கிட்டுத்தான் இருக்கேன். மூணு புள்ளைகளுக்கும் ஒரே ஸ்கூல், ஒரே டீச்சர்க, ஒரே இலவச புஸ்தகம், மத்தியானம் ஒரே முட்டை. ஆனா இன்னைக்கு மூணு பேரும் மூணு எடத்துல நிக்கிறாங்க. ஏன்னு என் நோட்டுல எழுதி வச்சத எல்லாம் எடுத்துவச்சு ஒண்ணா எழுதணும்னு ரொம்ப நாளா நெனப்பு. காலனி வீட்டு அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் எழுதுறேன்.

மூணு பேரு யாருன்னா, காலனியில, அதாவது தலித் தெருவுல, ஒரு அக்கா, தம்பி. அக்காவ மூத்தவன்னே சொல்றேன், நான் போனப்ப எட்டாவது. தம்பி ஏழாவது. அப்பா கொத்தனாருக்கு கையாளு, அம்மா பூப்பறிக்கப் போவாங்க, நூறு நாள் வேலை வந்தா அதுக்கும் போவாங்க. மூணாவது, மூத்தவ கூட ஒரே கிளாஸ்ல படிச்ச மேலத்தெரு புள்ள. அவங்களுக்கு ரெண்டு ஏக்கர் மல்லிகைத் தோட்டம் இருக்கு, மூத்தவளோட அம்மா பூப்பறிக்கிறது அந்தத் தோட்டத்துலதான். இந்த ஒரு விசயத்த மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

இந்த மண்ணோட பழசையும் கொஞ்சம் சொல்லணும், இல்லாட்டி மேலத்தெரு ஆளுகள சும்மா வில்லனா நெனச்சுட்டுப் போயிருவீங்க. பெருங்காமநல்லூர்ல 1920 ஏப்ரல் 3ஆம் தேதி கள்ளர்கள பொறப்புலயே குற்றவாளின்னு வச்சு கைரேகை வாங்குன ரேகைச் சட்டத்த எதுத்து நின்னவங்கள போலீஸ் சுட்டதுல 16 பேரு செத்தாங்க, மாயக்காள்னு ஒரு பொம்பளையும் அதுல உண்டு. அந்தச் சட்டத்தோட காலத்துல உண்டானதுதான் கள்ளர் சீரமைப்புப் பள்ளிக, இன்னைக்கும் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்கள்ல நடக்குது. அதாவது மேலத்தெருக்காரங்களும் ஒரு காலத்துல குற்றவாளின்னு முத்திரை குத்தப்பட்டவங்கதான். அதே வட்டாரத்துலதான் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்துல ஒரு தலித் பஞ்சாயத்துத் தலைவரா உக்காரக்கூடாதுன்னு 1996ல இருந்து பத்து வருசம் தேர்தலையே நடக்கவிடாம வச்சிருந்தாங்க, 2006லதான் ஒழுங்கா நடந்துச்சு. உத்தப்புரத்துல தலித் தெருவ பிரிச்சுக் கட்டியிருந்த சுவத்துல ஒரு பகுதிய இடிச்சது 2008 மே 6. மூத்தவ பொறந்ததும் அந்த 2008லதான். அவுக அம்மாவே சொல்லுவாங்க, "செவுர ஒடச்ச வருசம் பொறந்தவ டீச்சரம்மா இவ"ன்னு.

போன்

நான் போனப்ப ஸ்கூல் தொறந்து ஒரு மாசம்தான் ஆயிருந்துச்சு. 2020 மார்ச்ல மூடுனது, எட்டாவது வரைக்கும் உள்ள புள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ல தொறந்தாங்க. மூத்தவளுக்கு ஏழாவது பாடம் ஒண்ணுமே தெரியல, பின்னம் கூட்டத் தெரியல, ஆனா தம்பிக்கு ஓரளவு தெரிஞ்சுது. எப்படின்னு கேட்டா வீட்ல ஒரே போன், தவணையில வாங்குனது, அது தம்பிகிட்ட இருந்துச்சு. அம்மாகிட்ட கேட்டேன், "பொட்டப்புள்ள கையில போனக் குடுத்தா நாலு பேரு நாலு சொல்லு சொல்லுவாக, அவ கல்வி டிவியில பாத்துக்கிடட்டும்னு விட்டுட்டோம்"னாங்க. டிவிய எப்ப பாத்தான்னா பாக்கவே இல்ல, காலையில நாலரைக்கு எந்திரிச்சு அம்மாகூட பூவுக்குப் போயிருவா. மல்லிகை மொட்ட வெயில் ஏறுறதுக்குள்ள பறிக்கணும், மலந்துருச்சுன்னா மார்க்கெட்ல வெல கிடையாது. பறிக்கிற எடைக்குத்தான் கூலி, அதனால ரெண்டு கை கூட இருந்தா லாபம். அந்தக் கை தம்பி கையா ஏன் இல்லன்னு நான் கேட்டப்ப எல்லாரும் சிரிச்சாங்க. பூப்பறிக்கிறது பொம்பள வேலையாம்.

மேலத்தெரு புள்ளைக்கு போன் கிடைச்சுதான்னா அவளுக்கும் கிடைக்கல. அவுக வீட்ல மூணு போன் இருந்துச்சு, ஆனா கிடைக்கல. வசதியில ரெண்டு வீட்டுக்கும் எட்டாத தூரம், போன் விசயத்துல மட்டும் ரெண்டு பொம்பளப் புள்ளைகளும் ஒரே எடத்துல உக்காந்திருந்தாங்க.

எங்க உக்கார்றது

முதல்ல எனக்கு குடுத்த எடம் காலனி சமுதாயக்கூடம். நல்ல கட்டடம், பேன் எல்லாம் இருந்துச்சு. ரெண்டு வாரம் மேலத்தெருவுல இருந்து ஒரு புள்ள கூட வரல. சண்டையெல்லாம் போடல, "தூரமா இருக்கு டீச்சர்"னாங்க, காலனி புள்ளைக தெனமும் ஸ்கூலுக்கு நடக்குற அதே தூரம்தான். அப்பறம் ஸ்கூல் வராண்டாவுக்கு மாத்துனேன், வந்துட்டாங்க. இப்ப காலனி புள்ளைக பாதி நின்னுச்சுக, ஏன்னா வீட்டுக்குத் திரும்புறப்ப இருட்டுல மந்தைய, அதான் ஊர்ப் பொது எடத்த, தாண்டி வரணும், அதுலயும் நின்னது பூரா பொம்பளப் புள்ளைக. பசங்க வந்தாங்க. எடத்த மாத்துனா யாரு நிப்பாங்கன்னு நான் யோசிக்கவே இல்ல.

இன்னொன்னும் ஒத்துக்கணும். வராண்டாவ தெனமும் கூட்டணும்ல, நான் "யாராவது கூட்டுங்கப்பா"ன்னுதான் சொல்லுவேன், ஆனா ஒரு நாள் யோசிச்சுப் பாத்தா தெனமும் வெளக்குமாத்த எடுக்குறது காலனி பொம்பளப் புள்ளைக மூணு பேரு மட்டும்தான். நான் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்லன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பாத்தேன். ஆனா வேற யாரு எந்திரிப்பாங்கன்னு நான் எதிர்பாத்தேன்? பகல்ல ஸ்கூல்ல அவங்களுக்குப் பழக்குனது அதுதான், பசங்கன்னா பெஞ்சு தூக்கணும், பொம்பளப் புள்ளைகன்னா கூட்டணும், அதுலயும் கக்கூஸுக்கு தண்ணி ஊத்துற வேலை வந்தா யாரக் கூப்பிடுவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். ஜாதியும் பொம்பளங்கிறதும் சேர்ந்தா என்ன ஆகும்னு நெறைய பேசுவோம், எனக்குப் புரிஞ்சது அந்த வெளக்குமாறுலதான். மறுநாள்ல இருந்து ரிஜிஸ்டர் வரிசைப்படி முறை போட்டேன், மேலத்தெரு பசங்க ரெண்டு பேரு அதுக்காகவே நின்னுட்டாங்க. போகட்டும்னு விட்டேன்.

சடங்கு

2022 ஆகஸ்ட்ல மூத்தவ வயசுக்கு வந்தா. பதினாறு நாள் தனியா குச்சுக் குடிசையில, அதுக்கப்பறம் சடங்குக்கு நாள் பாக்க, எல்லாம் சேத்து 31 நாள் ஸ்கூலுக்கு வரல. ஒன்பதாவது காலாண்டு பரிட்சைய விட்டுட்டா. மைக்செட்டு, பிளக்ஸ், தாய்மாமன் சீரு, கறிச்சாப்பாடு. கடன் வாங்கி எதுக்கு இவ்வளவு செய்றீங்கன்னு நான் கொஞ்சம் கோவமாத்தான் கேட்டேன். அம்மா பொறுமையா சொன்னாங்க: "டீச்சரம்மா, பதினஞ்சு வருசமா ஊருக்கெல்லாம் மொய் செஞ்சு வச்சிருக்கோம், ஒரு விசேசம் வச்சாத்தான் அது திரும்பி வரும், எனக்கு இருக்குறது ஒரு பொம்பளப்புள்ள." அப்பத்தான் புரிஞ்சது இது வீண்செலவு மட்டும் இல்ல, பேங்குல போட்ட பணத்த எடுக்குற மாதிரி அவங்களுக்கு. ஆனா வந்த மொய் போதல, மீதிக் கடன மகளிர் குழுவுல எடுத்தாங்க, வாரத் தவணை. அந்தத் தவணைக்காக மூத்தவ பூவுக்குப் போற நாளும் கூடிருச்சு. அவளக் கொண்டாடுறதுக்கு வாங்குன கடன அவளே விடியக்காலையில எந்திரிச்சு கட்டுனா, யாரும் அத அப்படி நெனைக்கல.

அப்பறம் மாதவிலக்கு. ஸ்கூல்ல கக்கூஸ் இருக்கு, தண்ணி வராது, தாழ்ப்பா இல்ல. ரெண்டு புள்ளைகளும் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணி குடிக்காம இருப்பாங்க, ரெண்டு பேருக்கும் அடிக்கடி நீர்க்கடுப்பு. மேலத்தெரு புள்ள வீடு ஸ்கூலுக்குப் பக்கம், இன்டர்வெல்ல ஓடிப் போயிட்டு வந்துருவா. மூத்தவ ஒன்றரை கிலோமீட்டர் போகணும், போனா திரும்ப மாட்டா. அட்டென்டன்ஸ் ரிஜிஸ்டர்ல மதியம் ஆப்சென்ட் மட்டும் மாசம் மூணு நாலு நாள் விழுந்துக்கிட்டே இருக்கும், கிளாஸ் டீச்சர் அத "ஆர்வமில்லை"ன்னு எழுதி வச்சிருந்தாங்க.

இத்தனைக்கும் பத்தாவதுல மூத்தவ 412, மேலத்தெரு புள்ள 398. 2024 மே மாசம் ரிசல்ட் வந்த அன்னைக்கு டிவியில எல்லாம் வழக்கம்போல மாணவிகளே அதிகம்னு போட்டாங்க, பொம்பளப் புள்ளைக 94.53, பசங்க 88.58 சதவீதம். சந்தோசம்தான். ஆனா அந்தக் கணக்கு பரிட்சை எழுதுனவங்களோட கணக்கு, ஹாலுக்கு வந்து உக்காராத புள்ளைய அது எண்ணாது. பழைய கணக்க ஒண்ண இதோட சேத்துப் பாருங்க, 2011 சென்சஸ்ல தமிழ்நாட்டுல எழுதப்படிக்கத் தெரிஞ்ச ஆம்பளைக கிட்டத்தட்ட 87 சதவீதம், எஸ்சி ஆம்பளைக 81, எல்லா ஜாதியும் சேந்த பொம்பளைக 73, எஸ்சி பொம்பளைக 66ஐக் கூட எட்டல. படிக்கட்டு மாதிரி இறங்குது பாருங்க. மூத்தவளோட அப்பத்தா அந்த 66க்குள்ள வர்றவங்க, அறிவொளி இயக்கத்துல கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டவங்க, இன்னமும் பெருமையா போட்டுக் காட்டுவாங்க. மூணு தலைமுறையில அங்கிருந்து 412 வரைக்கும் வந்த குடும்பம் இது, இத யாரும் சின்ன விசயமா பாக்கக்கூடாது.

ஒன்பது கிலோமீட்டர்

ஊர்ல பத்தாவது வரைக்கும்தான். பிளஸ் ஒன்னுக்கு ஒன்பது கிலோமீட்டர். என் நோட்டுல நான் கோடு போட்டு வச்சிருக்கிற எடம் இதுதான், ஏன்னா என்கிட்ட படிச்ச புள்ளைகள்ல நின்னவங்க எல்லாருமே இந்த ஒன்பது கிலோமீட்டர்லதான் நின்னாங்க. கிளாஸ்ரூம்ல இருந்து யாரும் எந்திரிச்சுப் போகல.

மொதல்ல குரூப். மூத்தவ பயாலஜி மேத்ஸ் கேட்டா, நர்ஸாகணும்னு ஆசை. அட்மிஷன்ல உக்காந்திருந்தவரு மார்க்க பாத்தாரு, அப்பறம் கம்யூனிட்டி சர்டிபிகேட்ட பாத்தாரு, "தொழிற்கல்வி எடுத்துக்கோம்மா, உங்களுக்குத்தான் ஸ்காலர்ஷிப் வருதுல்ல, எது எடுத்தா என்ன"ன்னாரு. நான் கூடப் போனதால மார்க்க சொல்லி வாதாடி வாங்குனோம். 398 எடுத்த மேலத்தெரு புள்ளைய யாரும் ஒண்ணும் கேக்கல, கேட்டதும் அதே குரூப் குடுத்தாங்க. ஆனா அவ அட்மிஷனுக்கு முன்னாடியே வீட்ல ஒரு போராட்டம் நடத்தி முடிச்சுட்டு வந்திருந்தா, அது எனக்கு பின்னாடிதான் தெரியும். அவ அப்பா கணக்கு நேரடியானது: பத்து படிச்சா பன்னெண்டு படிச்ச மாப்பிள்ள பாக்கணும், பன்னெண்டு படிச்சா டிகிரி படிச்சவன், டிகிரி படிச்சா கவர்மென்ட் வேலைக்காரன், ஒவ்வொரு படிக்கும் பவுன் கூடும். பொண்ணு படிக்கப் படிக்க வீட்டுக்கு செலவு ஏறுதுங்கிற கணக்க நகையால போட்டு வச்சிருக்காங்க. நம்ம ஊர்ல படிப்புக்கு பீஸ் வாங்காம இருந்தாலும் இந்த பீஸ் இருக்கத்தான் செய்யுது.

அடுத்தது பஸ். 2021 மே மாசத்துல இருந்து சாதா டவுன் பஸ்ல பொம்பளைகளுக்கு டிக்கெட் கிடையாது, அந்தத் திட்டத்தால எங்க பக்கம் எத்தனையோ பேரு வேலைக்கும் படிப்புக்கும் போறாங்க, அத நான் கண்ணால பாத்திருக்கேன். ஆனா பஸ் நிக்கிறது மந்தையில. மந்தைச் சாவடியில எப்பவும் ஆம்பளைக உக்காந்திருப்பாங்க. காலனியில இருந்து மந்தைக்கு ஒன்றரை கிலோமீட்டர் நடந்து வந்து, சாவடிக்கு எதுத்தாப்புல நின்னு, பஸ் வர்ற வரைக்கும் அந்தப் பார்வையிலயும் பேச்சுலயும் நிக்கணும். சாயங்காலம் பஸ் வர ஆறரை ஆயிரும், குளிர்காலத்துல இருட்டிரும். பிளஸ் ஒன்னுல குடுக்குற இலவச சைக்கிள் வந்துச்சு. மூத்தவ அத ஓட்டிக்கிட்டு வந்து மந்தை வந்ததும் எறங்கி தள்ளிக்கிட்டுப் போனா. நான் பின்னாடி வந்துக்கிட்டு இருந்தேன், ஏன்த்தா எறங்குனன்னு கேட்டேன். அவளுக்கே தெரியல. "எங்கப்பா இங்க எறங்குவாரு டீச்சர், அப்படியே எறங்கிட்டேன்"னா. அவுக அப்பா சின்னப் புள்ளையா இருந்த காலத்துல ஏறி ஓட்டிக்கிட்டுப் போனா அடி விழும், இப்ப அப்படி யாரும் சொல்றது இல்ல, ஆனா மக எறங்குறா.

நோட்டு

2024 தீபாவளி ஒட்டி ஊர்ல ஒரு சண்டை. வெளிய எல்லாரும் சொல்றது, காலனி பசங்க மந்தையில பைக்க முறுக்கிக்கிட்டுப் போனாங்க, அதனால அடிச்சாங்கன்னு. அடிபட்டவன் மூத்தவளோட தம்பி, அப்ப பத்தாவது, மண்டையில அஞ்சு தையல். பைக் காரணம்தான், ஆனா உள்ள வேற ஒண்ணு இருந்துச்சு.

ரெண்டு புள்ளைகளும் ஒரே குரூப்புன்னு சொன்னேன்ல. மேலத்தெரு புள்ளைக்கு கணக்குல கொஞ்சம் தடுமாட்டம், மூத்தவ அதுல நல்லா போடுவா. ஸ்கூல்ல ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல உக்காருவாங்க, பஸ்ல ஊருக்குள்ள வந்ததும் தள்ளித் தள்ளி நின்னுக்குவாங்க, யாரும் சொல்லித் தரல, அவங்களே பழகிக்கிட்டது. ஒரு நாள் மூத்தவ காச்சல்ல படுத்துக்கிட்டா, மறுநாள் டெஸ்ட்டு, கணக்கு நோட்ட தம்பிகிட்ட குடுத்து அனுப்பியிருக்கா. அவன் ஸ்கூல் விட்டு வர்றப்ப பஸ் ஸ்டாப்புல வச்சு அந்தப் புள்ள கையில நோட்ட குடுத்தான். பதினஞ்சு வயசுப் பய, அக்கா சொன்ன வேலைய செஞ்சான். அத சாவடியில இருந்து பாத்தவங்க நோட்டப் பாக்கல, காலனிப் பய மேலத்தெரு புள்ள கைய தொட்டு எதையோ குடுத்தான்னு பாத்தாங்க. அதுக்கப்பறம் எட்டாவது நாள் பைக் சண்டை.

பைக்க பத்தி மந்தையில பேசுனாங்க, நோட்ட பத்தி வீட்டுக்குள்ள பேசுனாங்க. அடுத்து நடந்தத வரிசையா பாருங்க. போலீஸ்ல வன்கொடுமைச் சட்டத்துல புகார் குடுக்கலாம்னு காலனியில சில பேரு கெளம்புனாங்க. ரெண்டு ஊர்ப் பெரியாளுக வந்து பேசுனாங்க, "கேஸ்னு போனா நாளைக்கு உங்க பொம்பளப் புள்ளைக இந்த ரோட்டுலதான நடக்கணும்"னு ஒரு வார்த்தை. அம்மாவுக்கு தோட்ட வேலையும் அவங்ககிட்டத்தான். காம்ப்ரமைஸ் ஆச்சு. தம்பிய செல்லூர்ல இருக்குற சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, பத்தாவது பரிட்சை எழுதுறவங்க பட்டியல் (நாமினல் ரோல்) போறதுக்குள்ள ஹெட்மாஸ்டர் ஓடியாடி டிசி குடுத்து மதுரையில ஒரு ஸ்கூல்ல சேத்துவிட்டாரு, அந்த மனுசனுக்கு கையெடுத்துக் கும்பிடணும். மூத்தவள நிப்பாட்டிட்டாங்க. அடிபட்டது அவன், அவனுக்கு மதுரை கிடைச்சுது. ஒரு சண்டைக்கும் போகாதவளுக்கு வீடு கிடைச்சுது. இத நான் அப்பாகிட்ட சொன்னப்ப அவரு அழுதுட்டாரு, "அவன அடிச்சா தையல் போடலாம் டீச்சர், புள்ளைய ஏதாச்சும் செஞ்சுட்டா நான் என்ன செய்வேன்"னு. அவரு பயம் பொய் கிடையாது. பொம்பளப் புள்ள நடக்குற ரோட்ட பணயமா வச்சுத்தான் அந்த காம்ப்ரமைஸே நடந்துச்சு.

அதே வாரம் மேலத்தெரு புள்ளையும் நின்னா. அவள அடிச்சாங்களான்னு எனக்குத் தெரியும், இங்க எழுத மாட்டேன். 2025 பிப்ரவரியில தூரத்து மொறைக்காரர் ஒருத்தருக்கு பேசி முடிச்சுட்டாங்க, புள்ளைக்கு பதினாறு வயசு. யாரோ குழந்தைகள் உதவி நம்பர் 1098க்கு கூப்பிட்டுட்டாங்க, சமூகநலத் துறையில இருந்து ஆளுக வந்து, பதினெட்டு முடியாம கல்யாணம் செய்ய மாட்டோம்னு எழுதி வாங்கிட்டுப் போனாங்க. கல்யாணம் நின்னுச்சு, நல்லது. ஆனா ஸ்கூலுக்கு அனுப்புவோம்னு யாரும் எழுதி வாங்கல. 2006 குழந்தைத் திருமணத் தடுப்புச் சட்டம் கல்யாணத்த நிப்பாட்டும், வீட்டு வாசப்படியத் தாண்ட விடுறதுக்கு எந்தச் சட்டமும் இல்ல. நெலம், தோட்டம், ஓட்டு, சாவடின்னு எல்லாம் இருக்குற ஜாதியில பொறந்தும் அவளுக்கு அந்த ஜாதி ஒரு பூட்டாத்தான் வந்துச்சு. தெருவோட கௌரவத்த அவ ஒடம்புல கொண்டு போயி வச்சுட்டாங்க, அதனால தெருவுக்கு எவ்வளவு பலமோ அவளுக்கு அவ்வளவு காவல்.

என்ன செஞ்சோம், எது நடந்துச்சு

மூத்தவ வீட்டுக்கு தெனமும் போனேன். ஹாஸ்டல்ல சேக்கலாம்னு சொன்னேன், அம்மா ஒத்துக்கல, வயசுப் புள்ளைய எப்படி வெளிய விடுறது, அதோட பூவுக்கு ஒரு கை கொறையும்னு சொல்லாம சொன்னாங்க. பன்னெண்டு முடிச்சு காலேஜ் போனா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா வரும்னு சொல்லிப் பாத்தேன். 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்ச அந்தத் திட்டம் நல்ல திட்டம், எங்க பக்கத்துலயே எத்தனையோ புள்ளைக அந்தக் காசுல பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் சமாளிச்சு படிக்குதுக. ஆனா அந்தக் காசு அக்கரையில இருக்கு, இவ நிக்கிறது ஆத்துக்கு இந்தப் பக்கம். பிளஸ் ஒன்னு, பிளஸ் டூ ரெண்டு வருசத்தத் தாண்டுறதுக்குத்தான் இவளுக்கு கை வேணும், அப்ப வர்ற போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்பும் ஆதார்ல இனிஷியல் மாறி இருந்ததால நின்னுபோயிருந்துச்சு. இ சேவைக்கு நாலு நடை.

கடைசியில வழி விட்டது பூப்பறிக்கிற பொம்பளைகதான். விடியக்காலையில தோட்டத்துல வச்சு பேசுனோம், காலனியில மொத்தம் நாலு புள்ளைக மேல படிக்கிற வயசுல இருந்துச்சுக. எப்படியும் ஏழு மணிக்கு பூவ எடைபோட மந்தைக்கு வர்றோம்ல, அப்படியே புள்ளைகளயும் கூட்டிக்கிட்டு வந்து பஸ் ஏத்திவிட்டுட்டுப் போவோம்னு ஒரு ஆத்தா சொன்னாங்க, அவங்களுக்கு படிக்கிற புள்ளையே கிடையாது. 2025 பொங்கல் முடிஞ்சு மூத்தவ திரும்ப போனா. ரெண்டு மாசம் விட்டதுல கணக்குல பெயில், துணைத் தேர்வுல எழுதி பாஸ் பண்ணிட்டா. காலையில பஸ்ஸ காலனி வரைக்கும் விடணும்னு மதுரை கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை குறைதீர் நாள்ல மூணு தடவ மனு குடுத்தோம், காலை நடை மட்டும் இப்ப காலனி வரைக்கும் வருது. சாயங்காலம் இன்னும் மந்தையோட சரி.

நாங்குநேரியில 2023 ஆகஸ்ட்ல ஒரு பள்ளிக்கூடத்துப் பையன கூடப் படிச்சவங்களே வீடு புகுந்து வெட்டுனதுக்கு அப்பறம் நீதிபதி சந்துரு கமிட்டி போட்டாங்க, 2024 ஜூன்ல அறிக்கை குடுத்தாரு. கையில ஜாதிக் கயிறு கட்டக்கூடாது, ஸ்கூல் பேர்ல ஜாதி இருக்கக்கூடாதுன்னு நெறைய நல்ல பரிந்துரைக. 2025 ஜூலையில ஹாஸ்டலுக்கெல்லாம் சமூகநீதி விடுதின்னு பேரு வச்சாங்க, தம்பி இப்ப மதுரையில அப்படி ஒரு விடுதியிலதான் பிளஸ் ஒன்னு படிக்கிறான். படிக்கிறான்னு சொல்லணும், லீவு நாள்ல பந்தி பரிமாறப் போறான், வடநாட்டுல முறுக்கு கம்பெனிக்கு ஆள் எடுக்குற ஏஜென்ட்டுகிட்ட பேசிக்கிட்டு இருக்கான்னு அம்மா பயப்படுறாங்க. போனும் ஹாஸ்டலும் அவனுக்கு கிடைச்சுது, ஆனா அடிபட்ட அன்னைக்கு கூட நின்னு பாத்த கிளாஸ்மேட்டுகள அவன் மறக்கல, புஸ்தகத்த தொறந்தாலே தலை வலிக்குதுங்கிறான். பையங்கிறதால ரோடு அவனுக்கு தொறந்துச்சு, காலனிங்கிறதால அவன் அந்த ரோட்டுல ஊர விட்டே போக வேண்டியதாப் போச்சு. இந்த வலிய அக்காவோட வலிகூட வச்சு எது பெருசுன்னு அளக்க என்னால முடியல.

கமிட்டி அறிக்கை ஸ்கூலுக்குள்ள நடக்குறத தொடுது, எனக்கு அதுல மறுப்பு இல்ல. நான் பாத்த இந்த ஊர்ல முக்கால்வாசி நடந்தது ஸ்கூல் கேட்டுக்கு வெளிய. மந்தையில பஸ் எங்க நிக்குது, சாயங்காலம் எத்தனை மணிக்கு வருது, டியூஷன் எந்தத் தெருவுல நடக்குது, தெருவிளக்கு எது வரைக்கும் எரியுது, இதெல்லாம் கல்வித் துறை பைல்ல வராது. ஒரு புள்ள நின்னுட்டா தலைமை ஆசிரியர் இடைநிற்றல்னு எமிஸ்ல, அதான் கல்வித் துறையோட ஆன்லைன் பதிவுல, ஏத்துறாரு, காரணம்னு ஒரு கட்டம் இருந்தா அதுல குடும்பச் சூழ்நிலைன்னு எழுதிடுறாங்க. ரெண்டு புள்ளைக்கும் அதே வார்த்தைதான் போட்டிருந்தாங்க. பஸ் நேரத்த முடிவு பண்றவங்களும் ஸ்கூல் நேரத்த முடிவு பண்றவங்களும் ஒரு தடவையாவது ஒரே ரூம்ல உக்காந்து, பத்தாவதோட நின்ன பொம்பளப் புள்ளைக பேர வாசிச்சுப் பாக்கணும், தெரு வாரியா வாசிக்கணும்.

மூத்தவ இப்ப பிளஸ் டூ. அரையாண்டு வருது, கணக்குல அந்தப் பழைய நோட்டு வேணும் டீச்சர், அதுல எல்லாம் அழகா போட்டு வச்சிருந்தேன்னா. அந்த நோட்டு ஒரு வருசமா மேலத்தெரு வீட்லயே இருந்துச்சு. போன வாரம் தோட்டத்துல அந்தப் புள்ளையோட அம்மாவப் பாத்து மெதுவா கேட்டேன், ஒண்ணும் பேசல, மறுநாள் பூக்கூடைக்கு அடியில வச்சு கொண்டாந்து குடுத்தாங்க. வீட்டுக்கு வந்து பிரிச்சுப் பாத்தா, பின்னாடி மிச்சம் இருந்த வெத்துப் பக்கம் பூரா வேற கையெழுத்து. பதினாலு பக்கம். முக்கோணவியல் கணக்க ஒண்ணு விடாம போட்டுப் பாத்திருக்கா, பாதிக்கு மேல சரி, தப்பா போட்டத தானே அடிச்சுட்டு கீழ மறுபடி போட்டிருக்கா. மூத்தவகிட்ட காட்டுனேன், ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தா, அப்பறம் எனக்கு போட்டோ எடுத்துக் குடுங்க போதும், நோட்டு அவகிட்டயே இருக்கட்டும்னா. தப்பு வந்த எடத்துல எல்லாம் பென்சில்ல சின்னதா வழி எழுதிக் குடுத்திருக்கா. நோட்டு இப்ப என் பையிலதான் இருக்கு, யார் கையில குடுத்து அனுப்புறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.